யார் எழுதுவது?
அடிமைச் சட்டத்திலிருந்து சிறைக் காகிதம் வரை: ஆப்பிரிக்கரும் கடல் கடந்த கறுப்பினத்தாரும் படைத்த இலக்கியம்

1957-ஆம் ஆண்டில், நைஜீரிய வானொலியில் உத்தியோகம் பார்த்துவந்த இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர், பல இரவுகள் கண்விழித்துத் தம் கையாலேயே எழுதி முடித்த நாவலின் ஒரே பிரதியை, லண்டன் பத்திரிகையொன்றில் கண்ட விளம்பரத்தை நம்பி, தட்டச்சு செய்து கொடுக்கும் நிலையம் ஒன்றுக்குக் கட்டணத்தோடு தபாலில் அனுப்பிவைத்தார். வாரங்கள் சென்றன, மாதங்களும் சென்றன, எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வேறு நகல் கிடையாது. அந்தக் கவலையில் தாம் நாளுக்கு நாள் மெலிந்து போனதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கடைசியில், விடுமுறைக்காக லண்டன் சென்ற அவருடைய மேலதிகாரியான ஏஞ்சலா பீட்டி என்னும் ஆங்கிலப் பெண்மணி, அந்நிலையத்தின் வாயிலுக்கே போய் நின்று அதட்டிக் கேட்ட பிறகுதான், ஒதுக்கிப் போடப்பட்டிருந்த அந்தக் காகிதக் கட்டு வெளிச்சத்துக்கு வந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் ஹைனமன் பிரசுராலயத்தார் அதை 2,000 பிரதிகள் அச்சிட்டார்கள். இளைஞரின் பெயர் சினுவா அச்செபே. தமிழில் 'சிதைவுகள்' என்று பெயர் பெற்றிருக்கும் அந்த நாவல், இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட பாஷைகளில் வாசிக்கப்படுகிறது.

அந்தப் பெண்மணி அன்று லண்டனுக்குப் போகாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் சற்றே நடுங்குகிறது. ஆயினும் ஆப்பிரிக்க இலக்கியத்தின் சரித்திரத்தையும், அக்கண்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் படைத்த இலக்கியத்தின் சரித்திரத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு, இது விதிவிலக்கான சம்பவமாகத் தோன்றாது. எழுதக் கூடாதென்று சட்டம் போட்டார்கள். எழுதியதை நம்ப மறுத்தார்கள். நம்பியபோதும் இந்தப் பாஷையில் எழுதாதே என்றார்கள். எழுதிய கையை விலங்கில் மாட்டினார்கள். இவ்வளவையும் கடந்து வந்த நூல்களே இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன. இந்த இலக்கியத்தைத் துயரத்தின் புலம்பல் என்று மட்டும் எண்ணி ஒதுங்குவோர் நம்மிடையே உண்டு. அதன் ஆதாரமான கேள்வி துயரத்தைப் பற்றியது மட்டுமன்று. ஒரு ஜனசமூகத்தின் கதையை யார் எழுதுவது என்பதே அக்கேள்வி.

விலக்கப்பட்ட அக்ஷரம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தில் 1740-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுன் அபராதம் விதித்தது. உழைப்பதற்கென்றே விலைக்கு வாங்கப்பட்ட மனிதன் நாலு எழுத்துத் தெரிந்துகொண்டால் எஜமானனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எழுதத் தெரிந்தவன் வெளியே போவதற்கான அநுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான்; எழுதத் தெரிந்தவன் தனக்கு நேர்ந்ததைப் பிறருக்குச் சொல்லிவிடுவான். சட்டம் இயற்றியவர்கள் எழுத்தின் வலிமையை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்று சொல்லவேண்டும்.

அத்தகைய சட்டமில்லாத பாஸ்டன் நகரத்தில், 1761-இல், ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டாள். அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயரான பிலிஸ் என்பதையே அவளுக்குச் சூட்டி, வாங்கிய குடும்பத்தின் பெயரான வீட்லி என்பதை அதன் பின்னே சேர்த்தார்கள். தாய் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்டு வைக்கவில்லை. அந்த வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற பிலிஸ் வீட்லி, சில ஆண்டுகளிலேயே லத்தீன் காவியங்களைப் படித்தறிந்து ஆங்கிலத்தில் கவிதை இயற்றத் தொடங்கினாள். 1773-இல் லண்டனில் வெளிவந்த அவளுடைய கவிதைத் தொகுதியின் முன்பக்கங்களில் ஒரு விநோதமான சாசனம் அச்சாகியிருக்கிறது. இக்கவிதைகளை இந்தப் பெண்ணே எழுதினாள் என்று தாங்கள் நம்புவதாக, மாகாண ஆளுநர் முதலாகப் பாஸ்டனின் பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பேர் கையொப்பமிட்டுக் கொடுத்த அத்தாட்சிப் பத்திரம் அது. எந்த வெள்ளைக்காரக் கவிஞனிடமும் எவரும் கேட்டிராத அத்தாட்சி. புகழ் வந்தது, விடுதலையும் வந்தது, ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு வழி வரவில்லை. 1784-இல், ஏறக்குறைய முப்பத்தோராவது வயதில், வறுமையில் அவள் இறந்தபோது, அச்சேறாமல் கிடந்த இரண்டாவது தொகுதியும் அவளோடு மறைந்து போயிற்று.

பிரெடரிக் டக்ளஸ் எழுத்தைக் கைப்பற்றிய விதமோ வேறு. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து பால்டிமோர் நகரத்து வீடொன்றுக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுவனுக்கு, வீட்டு எஜமானி இரக்கத்தினால் அகரவரிசையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கணவன் தடுத்தான், படிப்பு வந்தால் அடிமை கெட்டுப்போவான் என்றான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிறுவனுக்கு அந்த ஒரு வாக்கியமே உபதேசமாயிற்று: எஜமானன் எதற்கு அஞ்சுகிறானோ அதுவே தான் அடைய வேண்டியது என்று அவன் நிச்சயித்துக்கொண்டான். தெருவில் திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து அவர்களிடம் பாடம் கேட்டான். கப்பல் கட்டும் துறையில் எந்தப் பலகை எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதற்காகத் தச்சர்கள் மரத்தில் பொறித்த ஒற்றை எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகினான். 1838-இல் தப்பியோடி, 1845-இல் தம் வாழ்க்கைச் சரிதத்தை அவர் வெளியிட்டபோது, 'தானே எழுதியது' என்ற சொற்களையும் தலைப்பிலேயே சேர்த்தார். வீட்லிக்குப் பதினெட்டுப் பேர் கையொப்பமிட வேண்டியிருந்தது. டக்ளஸ் தமக்குத் தாமே கையொப்பமிட்டுக்கொண்டார். அந்த நூல் அவரை இன்னாரென்று காட்டிக் கொடுத்துவிட்டபடியால், பிடித்துச் செல்வார்களோ என்ற பயத்தில் அவர் கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போகவேண்டியிருந்தது. அங்குள்ள அன்பர்கள் பணம் திரட்டி எஜமானனிடமிருந்து அவரை விலை கொடுத்து மீட்டார்கள்.

ஹார்லெமிலிருந்து பாரிஸுக்கு

அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின், நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில், தெற்கு மாகாணங்களின் கொடுமைக்குத் தப்பி வந்து குடியேறிய மக்களிடையே ஒரு மறுமலர்ச்சி தோன்றிற்று. லாங்ஸ்டன் ஹியூஸ் ஜாஸ் சங்கீதத்தின் தாளத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். ஃபிளாரிடாவில், முழுவதும் கறுப்பினத்தாரே ஆண்டுவந்த ஈட்டன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்த ஸோரா நீல் ஹர்ஸ்டன், மானிடவியல் பயின்றபின் தம் ஊர்க் கடைத் திண்ணைக்கே திரும்பிப் போய், அங்கே கிழவர்கள் அளந்த பொய்க்கதைகளையும் வம்புப் பேச்சுக்களையும் சேகரித்தார். மக்கள் வாயில் வழங்கிய பேச்சு, அதன் வளைவும் நெளிவும் கெடாமல் இலக்கியத்தில் ஏறவேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1860-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளைக் களவாகக் கொண்டுவந்த கிளோடில்டா என்னும் கப்பலில் வந்தவர்களுள் ஒருவரான முதியவர் கட்ஜோ லூயிஸை, ஹர்ஸ்டன் அலபாமாவில் பலமுறை சந்தித்துப் பேசி, அவர் வாக்கை அவர் பேசியபடியே எழுதி 1931-இல் நூலாக முடித்தார். பேச்சுவழக்கைத் திருத்திப் பொதுநடையில் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார் பதிப்பாளர். ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். அந்த நூல் அச்சேறியது 2018-இல். 1937-இல் வெளிவந்த அவருடைய மிகச் சிறந்த நாவலையும், வெள்ளைக்கார வாசகனின் கேளிக்கைக்காக எழுதப்பட்டதென்று கறுப்பின நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் கடிந்துரைத்தார். 1960-இல் ஹர்ஸ்டன் இறந்தபோது அண்டை அயலார் காசு சேர்த்து அடக்கம் செய்தார்கள். குப்பையென்று கொளுத்தப்பட்டுக்கொண்டிருந்த அவருடைய காகிதங்களை, அவ்வழியே வந்த தெரிந்தவர் ஒருவர் தண்ணீர் விட்டு அணைத்துக் காப்பாற்றினார். 1973-இல் ஆலிஸ் வாக்கர் என்னும் இளம் எழுத்தாளர், களை மண்டிய இடுகாட்டில் தேடித் திரிந்து, இதுவே அவர் கல்லறையாயிருக்கும் என்று தாம் கண்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டினார். அதன்பிறகே ஹர்ஸ்டனின் நூல்கள் மறுபிறவி எடுத்தன.

ஹார்லெம் மறுமலர்ச்சியின் காலத்தையொட்டியே பாரிஸ் மாநகரத்தில், பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் மூன்று மூலைகளிலிருந்து படிக்க வந்த மூன்று மாணவர்கள் சந்தித்துக்கொண்டார்கள்: மார்த்தினிக் தீவின் எய்மே செசேர், செனகல் நாட்டின் லெயோபோல்ட் செங்கோர், பிரெஞ்சு கயானாவின் லெயோன் தமாஸ். தெருவில் தங்களை ஏசப் பயன்பட்ட சொல்லையே எடுத்து, அதையே கொடியாக்கி, 'நெக்ரிட்யூட்' என்னும் இயக்கத்துக்குப் பெயராக வைத்தார்கள். அந்த மாணவர் செங்கோரே 1960-இல் சுதந்திர செனகலின் முதல் ஜனாதிபதியானார் என்பது, கவிதைக்கும் ராஜ்யத்துக்கும் இடையே அன்று இருந்த உறவுக்குச் சாட்சி.

1947-இல் அலியூன் தியோப் என்னும் செனகலியர் தொடங்கிய 'பிரெசான்ஸ் ஆப்ரிக்கேன்' என்ற சஞ்சிகை, 1956 செப்டம்பரில் சோர்போன் சர்வகலாசாலையில் கறுப்பின எழுத்தாளர், கலைஞர்களின் முதல் மகாநாட்டைக் கூட்டியது. பிக்காஸோ அதற்குச் சுவரொட்டி வரைந்து கொடுத்தார். ஹெய்தியின் முதுபெரும் அறிஞர் ழான் பிரைஸ்-மார்ஸ் தலைமை வகித்தார். மார்த்தினிக் தீவின் இளைஞரான ஃபிரான்ஸ் பனோன் நிறவெறியைப் பற்றிப் பேசினார். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பார்வையாளராக அமர்ந்து குறிப்பெடுத்தார். 1903-லேயே கறுப்பு ஆத்மாவின் இரட்டை வாழ்வை எழுதிக்காட்டிய அமெரிக்க அறிஞர் டூபாய்ஸ் வரவில்லை. அமெரிக்க சர்க்கார் தமக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மறுத்துவிட்டது என்ற செய்தியைத்தான் அனுப்பிவைத்தார். ஆப்பிரிக்கர்களும் அமெரிக்கக் கறுப்பர்களும் ஒரே விஷயத்தைப் பேசுகிறார்களா என்பதே அங்கே சர்ச்சைக்குரியதாயிற்று. ஒரே தோல், ஒரே அநுபவம் ஆகிவிடவில்லை. கடைசி நாளில், இந்த மேடையில் பெண்கள் இல்லையே என்று ரிச்சர்ட் ரைட் எழுந்து சுட்டிக்காட்டியதும் அம்மகாநாட்டின் சரித்திரத்தில் சேர்ந்ததே.

அதிகாரியின் ஒரு பத்தி

அச்செபேயின் நாவலுக்குத் திரும்புவோம். இபாடான் சர்வகலாசாலைக் கல்லூரியில் அவர் மாணவராயிருந்தபோது, ஜாய்ஸ் கேரி என்னும் ஆங்கிலோ-ஐரிஷ் எழுத்தாளர் நைஜீரியாவை வைத்து எழுதிய நாவலொன்று பாடமாயிருந்தது. மேல்நாட்டு விமர்சகர்கள் மெச்சிய அந்த நூலில் தங்கள் ஜனங்களை விதூஷகர்களாகவே கண்ட மாணவர்கள் கோபம் கொண்டார்கள். கோபத்தை அச்செபே கட்டுரையாக்கவில்லை. ஓர் இக்போ கிராமத்தையே கட்டி நிறுத்தினார். உமுவோஃபியா என்ற அந்தக் கிராமத்தில், சோம்பேறித் தகப்பனுக்குப் பிறந்த அவமானத்தைத் துடைத்தெறிய வேண்டுமென்ற வெறியில், மல்யுத்தத்தில் வென்று, வள்ளிக்கிழங்கு பயிரிட்டு, மூன்று மனைவியரோடும் பட்டத்தோடும் பெரிய மனிதனாகும் ஒக்கோங்வோவின் கதை அது. பஞ்சாயத்தும் திருவிழாவும் பழமொழியும் நிறைந்த அந்த வாழ்க்கையை அச்செபே வெள்ளையடித்துக் காட்டவில்லை. இரட்டைப் பிள்ளைகளைக் காட்டில் எறியும் வழக்கத்தையும், தன்னை அப்பா என்றழைத்த சிறுவனைக் கோழையென்ற பெயருக்கு அஞ்சி ஒக்கோங்வோ வெட்டி வீழ்த்துவதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். பாதிரிமாரும் துரைமாரும் வந்து நுழைவது அந்த விரிசல்களின் வழியாகத்தான்.

நாவலின் முடிவில், ஒக்கோங்வோ தூக்கிட்டு இறந்து தொங்கும் இடத்தில் நிற்கும் வெள்ளைக்கார ஜில்லா அதிகாரி, தாம் எழுதப்போகும் புஸ்தகத்தில் இந்த மனிதனைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதலாமா, அத்தியாயம் அதிகம், ஒரு பத்தி போதும் என்று யோசித்துக்கொண்டே போகிறார். இருபத்தைந்து அத்தியாயங்களில் ஒரு மனிதனோடு வாழ்ந்துவிட்ட நமக்கு, அந்த ஒரு பத்தியின் கொடுமை அப்போதுதான் உறைக்கிறது. யார் எழுதுவது என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான வடிவத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1962-இல் ஹைனமன் நிறுவனம் தொடங்கிய ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசைக்கு அச்செபேயே முதல் ஆலோசக ஆசிரியரானார். ஆரஞ்சு நிற அட்டையும் மலிவு விலையுமாக வந்த அந்நூல்கள், ஆப்பிரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு தலைமுறையையே வாசகராக்கின. பிறந்த கண்டத்தில் எழுதிய ஒருவரைப் பக்கத்து நாட்டார் படிப்பதற்குக்கூட லண்டன் அச்சுக்கூடமே வழியாக வேண்டியிருந்தது என்பது கசப்பான உண்மையெனினும், அவ்வழி திறந்ததனால் கிடைத்த நன்மையை மறுப்பதற்கில்லை.

1966-இல் அவ்வரிசையில் வந்த 'எஃபுரு' என்ற நாவலின் ஆசிரியை ஃபிளோரா நுவாபா. ஆப்பிரிக்கப் பெண்ணொருவர் ஆங்கிலத்தில் எழுதி லண்டனில் அச்சான நாவல்களில் அதுவே முன்னோடி. பாரிஸ் மேடையில் காணாத பெண்குரல் அதன்பின் தடையின்றி எழுந்தது. புச்சி எமெசெட்டா, தம் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவன் கொளுத்திவிட்டபோதும் சோர்ந்துவிடாமல், அவனைப் பிரிந்து லண்டனில் ஐந்து குழந்தைகளோடு தனித்து வாழ்ந்தபடியே வேறு நூல்களை எழுதி, பின்னர் அதையும் நினைவிலிருந்து மறுபடி எழுதி 1976-இல் வெளியிட்டார். செனகலின் மரியாமா பா, கணவனை இழந்து துக்கம் காக்கும் ஒரு பெண் தன் தோழிக்கு எழுதும் நீண்ட கடிதமாக 1979-இல் ஒரே சிறு நாவலில் இஸ்லாமியக் குடும்ப வாழ்வின் உள்ளறையைத் திறந்து காட்டினார். அமெரிக்காவில் டோனி மோரிசன், தப்பியோடிப் பிடிபட்ட சமயத்தில் தன் குழந்தை மீண்டும் அடிமையாகாதிருக்க அதைக் கொன்றுவிட்ட மார்கரெட் கார்னர் என்னும் தாயின் உண்மைச் சம்பவத்தை வித்தாகக்கொண்டு 1987-இல் எழுதிய 'பிலவ்ட்', டக்ளஸ் போன்றோரின் சரிதங்கள் அன்றைய வாசகனின் கூச்சத்துக்கு அஞ்சித் திரையிட்டு விட்ட இடங்களுக்குள் துணிந்து புகுந்தது. ஆறு ஆண்டுகளில் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

மகரேரேயில் எழுந்த வினா

1962 ஜூன் மாதம், உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில், மகரேரே கல்லூரியில் ஒரு மகாநாடு கூடிற்று. அச்செபே, நைஜீரிய நாடகாசிரியர் வொலே சோயிங்கா, கவிஞர் கிறிஸ்டபர் ஒகிக்போ, தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய எசக்கியேல் ம்பாலேலே, அமெரிக்காவிலிருந்து லாங்ஸ்டன் ஹியூஸ் என்று அன்று பெயர் பெற்றிருந்தோரும் பெறப்போகிறவர்களும் அங்கே கூடினார்கள். கல்லூரி மாணவர் ஒருவர், இரண்டே சிறுகதைகள் அச்சேறிய தகுதியில் அழைப்புப் பெற்று வந்திருந்தார். தாம் எழுதிவந்த நாவலின் பிரதியை அச்செபேயிடம் தயக்கத்தோடு கொடுத்துப் படிக்கச் சொன்ன அந்த மாணவருக்கு அப்போது ஜேம்ஸ் கூகி என்று பெயர். உலகம் அவரைப் பின்னால் அறிந்தது கூகி வா தியாங்கோ என்று.

மகாநாட்டின் பெயரே ஒரு சிக்கலைச் சுமந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மகாநாடு என்று அதற்குப் பெயர். மாணவரான கூகி இரண்டு கதைகளைக் கொண்டு உள்ளே வரமுடிந்தது. ஸ்வாஹிலி மொழியின் மகாகவியான ஷாபான் ராபர்ட்டுக்கும், யொருபா மொழியில் 1938 முதல் அற்புத நாவல்களை எழுதி ஆயிரக்கணக்கான வாசகரைக் கவர்ந்திருந்த ஃபகுன்வாவுக்கும் அந்தப் பெயரின்படி இடமில்லை. ஷாபான் ராபர்ட் அதே ஜூன் மாதத்தில் காலமானார். மறு ஆண்டில் ஓபி வாலி என்னும் நைஜீரிய விமர்சகர், அந்நிய பாஷையில் எழுதப்படும் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில் போய் நிற்கும் என்று எழுதிப் பெரும் புயலைக் கிளப்பினார்.

அச்செபேயின் பதிலையும் எளிதில் தள்ளிவிட முடியாது. நூற்றுக்கணக்கான மொழிகள் வழங்கும் நைஜீரியாவில் இக்போவில் எழுதினால் யொருபாக்காரர் படிக்கமாட்டார். தமக்கு வாய்த்த ஆங்கிலத்தைத் தம் ஊர்ப் பேச்சின் சுமையைத் தாங்கும்படி வளைத்துக்கொள்வதே வழி என்பது அவர் கட்சி. மேற்கிந்தியத் தீவினருக்கோ இந்த விவாதமே வேறு விதமாயிற்று. திரும்பிப் போவதற்குரிய தாய்மொழியைக் கப்பலிலேயே பறிகொடுத்துவிட்டவர்கள், ஆங்கிலத்தையே உடைத்துப் புதுப்பேச்சாக்கிக்கொண்டவர்கள். லண்டனில் வந்திறங்கிய அத்தகைய கறுப்புத் தொழிலாளிகளின் குளிரையும் சிரிப்பையும், அந்தத் தீவுப் பேச்சிலேயே 1956-இல் நாவலாக்கியவர் டிரினிடாடின் சாமுவேல் செல்வன். அவர் கறுப்பினத்தவர் அல்லர்; சென்னையிலிருந்து குடியேறிய ஒருவருடைய மகன்.

கழுத்தில் தொங்கிய தகடு

கூகி வா தியாங்கோவுக்கு இந்த வினா பள்ளிப் பருவத்திலேயே கழுத்தில் மாட்டப்பட்டது. காலையில் ஒரு பையனிடம் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவார்கள். தாய்மொழியான கிக்கூயூவில் பேசி அகப்பட்டவனிடம் அவன் அதைத் தள்ளிவிடவேண்டும். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ, அவன் தனக்குக் கொடுத்தவன் பெயரைச் சொல்ல, அவன் தனக்குக் கொடுத்தவன் பெயரைச் சொல்ல, அன்றைய குற்றவாளிகள் அனைவரும் வரிசையாக வெளிப்படுவார்கள். அவர்களுக்குப் பிரம்படி, அல்லது தங்களைக் கழுதையென்று அறிவிக்கும் தகட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கவேண்டும். தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை. காட்டிக் கொடுப்பதற்குப் பயிற்சி. இரண்டையும் ஒரே பொத்தான் செய்து முடித்தது.

ஆங்கிலத்தில் நான்கு நாவல்கள் எழுதி நைரோபி சர்வகலாசாலையில் பேராசிரியராகவும் உயர்ந்தபின், 1977-இல் கூகி தம் ஊரான லிமுரு அருகிலுள்ள காமிரீத்து கிராமத்தாரோடு சேர்ந்து கிக்கூயூவில் ஒரு நாடகம் எழுதினார். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளும் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளிகளும் தாங்களே மூங்கிலும் மரமும் கொண்டு திறந்தவெளி அரங்கைக் கட்டினார்கள், தாங்களே நடித்தார்கள், பேராசிரியரின் கிக்கூயூவில் இந்த இடத்தில் ஒரு கிழவன் இப்படிப் பேசமாட்டான் என்று திருத்தமும் சொன்னார்கள். சில வாரங்களில் அரசாங்கம் அநுமதியை ரத்து செய்தது. ஆங்கில நாவல்களில் ஆட்சியாளரை அதைவிடக் கடுமையாகக் கண்டித்தபோது பேசாதிருந்த அரசாங்கம், குடியானவனுக்குப் புரியும் பாஷையில் அதே விஷயம் அரங்கேறியவுடன் விழித்துக்கொண்டது. டிசம்பர் 30-க்கும் 31-க்கும் இடைப்பட்ட நள்ளிரவில் கூகி கைது செய்யப்பட்டார். விசாரணை ஏதுமில்லை.

காமிட்டி சிறையின் 16-ஆம் எண் அறையில் அவர் ஓர் உறுதி செய்துகொண்டார்: இனி நாவல் எழுதுவது தாய்மொழியில்தான். காகிதம் கிடையாது, கழிப்பறைக்கென்று கொடுக்கப்பட்ட முரட்டுக் காகிதம் மட்டும் இருந்தது. கைதிகளை வதைக்கவென்றே தடிப்பாகச் செய்யப்பட்டது போலிருந்த அக்காகிதம் பேனாவுக்கு வெகு இசைவாய் அமைந்தது. ஒருமுறை சோதனையில் முழுப் பிரதியும் பறிமுதலாயிற்று. இதில் தவறாக ஒன்றும் காணோம், கிக்கூயூதான் கடினமாயிருக்கிறது என்று சொல்லி அதிகாரியொருவர் அதைத் திருப்பித் தந்தார். 1980-இல் அந்த நாவல் வெளிவந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை நடுவில் உட்காரவைத்துக் குடும்பமே கேட்டது. மதுக்கடைகளில் படித்துக் காட்டுவோர் தோன்றினார்கள். கதை உச்சத்துக்கு வரும் சமயம் பார்த்துப் படிப்பவர் நிறுத்திக் காலிக் கிண்ணத்தைக் காட்டுவார். கேட்பவர்கள் அதை நிரப்பிவிட்டு மேலே படி என்பார்கள். நம் ஊர்த் திண்ணைகளில் பாரதம் படித்ததைக் கேட்டிருப்பவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

1986-இல் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் அவர் வெளியிட்ட 'மாட்டிகாரி' என்ற நாவலுக்கு நேர்ந்தது இதனினும் விசேஷம். உண்மையும் நீதியும் எங்கேயென்று கேட்டுக்கொண்டு மாட்டிகாரி என்றொருவன் நாடெங்கும் திரிகிறானாம் என்று ஜனங்கள் பேசிக்கொள்வதாக உளவுத் தகவல் வர, அவனைக் கைது செய்யும்படி உத்தரவாயிற்று. தேடப் புறப்பட்டவர்கள், அவன் நாவலுக்குள் மட்டும் வாழ்கிறவன் என்று அறிந்து, கடைகளிலிருந்து புஸ்தகத்தையே கைது செய்து கொண்டுபோனார்கள். 2025 மே மாதம் எண்பத்தேழாம் வயதில் அமெரிக்காவில் கூகி காலமானபோது, நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லையே என்று பலரும் வருந்தினார்கள். கற்பனை மனிதனுக்குக் கைது உத்தரவு வாங்கித் தந்த ஆசிரியனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எந்தச் சபையிலும் கிடைத்திராது என்பது என் அபிப்பிராயம்.

அச்செபே சொன்னது சரியா, கூகி சொன்னது சரியா என்று தீர்ப்புக் கூறுவோர் இரு பக்கமும் இருக்கிறார்கள். அச்செபேயின் ஆங்கிலம் இல்லாவிடில் உமுவோஃபியாவின் கதை நம்மை எட்டியிராது. கூகியின் கிக்கூயூ இல்லாவிடில் தன்னைப் பற்றிய கதையைத் தானே கேட்கும் பாக்கியம் லிமுருவின் கூலிக்காரனுக்குக் கிடைத்திராது. வெளியுலகுக்குச் சாட்சி சொல்லவும் வேண்டும், வீட்டாரோடு பேசவும் வேண்டும். எனினும் இரண்டில் எது அதிகாரத்தை அதிகமாக அச்சுறுத்தியது என்று கேட்டால், சிறைக்கதவே பதில் சொல்லிவிட்டது.

கறுப்பின எழுத்தாளர்களைக் கொண்டாடுவதென்று விழா எடுப்பதும் படம் திறப்பதும் நல்ல காரியங்களே. புஸ்தகத்தைத் திறப்பது அதனினும் நல்லது. என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்த்த 'சிதைவுகள்' தமிழில் இருக்கிறது. சிறைக் காகிதத்தில் பிறந்த கூகியின் நாவலையும் அமரந்தா, சிங்கராயர் இருவரும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கிடைத்ததும் முதல் அத்தியாயத்தையேனும் வீட்டிலுள்ளவர்கள் கேட்கும்படி வாய்விட்டுப் படியுங்கள். கூகியின் நாவலை அதற்கு உரியவர்கள் முதன்முதலில் அறிந்துகொண்டது அப்படித்தான்.